மாலையும் விசாவும்

வேற்று நாட்டவரை மணந்து வெளிநாட்டில் குடியேறப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது நமது அறைவீட்டுத் திண்ணைக்கு வருகின்றனர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் திருமுழுக்குச் சான்று ஒன்றுதான். "சாமி, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாருங்கள்; மற்றதையெல்லாம் மாப்பிள்ளையே பார்த்துக்கொள்வார்" என்பார்கள். முன்பெல்லாம் நாமும் கையெழுத்திட்டு, கோவில் முத்திரையைக் குத்தி, ஆசீர் கூறி அனுப்பிவிடுவோம். இப்போது அவ்வாறு அனுப்புவதில்லை. அமரச் சொல்லி, "எந்த விசாவில் போகிறாள்?" என்று முதலில் கேட்கிறோம். சாமியாருக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அப்படிக் கேட்க நாம் கற்றுக்கொண்ட வரலாற்றை வாசக அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று துணிந்தோம். அது நமக்குப் பெருமை தரும் வரலாறன்று.

நமது பங்கைச் சேர்ந்த மகள் ஒருத்தி தோஹா நகரில் செவிலியாகப் பணியாற்றிவந்தாள். அங்கே வேலை நிமித்தம் வந்திருந்த ஓர் அமெரிக்க இளைஞரைச் சந்தித்தாள். அவர் ஒகையோ மாநிலத்தவர். லூத்தரன் சபையில் திருமுழுக்குப் பெற்றவர். செய்தி கேட்டுப் பெற்றோர் முதலில் கலங்கினர். ஓராண்டு கடந்தபின் மனம் இசைந்தனர். இளைஞரின் தாயார் நெடுநாள் நோயாளியானதால் திருமணத்தை ஒகையோவிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்கு முன் பெண்ணின் ஊரைக் காண, 2018 சனவரியில் அவர் இரண்டு வார விடுமுறையில் வந்தார்.

வீட்டில் எண்பது கடந்த பாட்டி ஒருவர் இருந்தார். "நான் என்ன விமானம் ஏறியா வரப்போகிறேன்? இவள் கழுத்தில் ஒரு மாலையாவது என் கண்ணால் பார்த்துவிட்டால் போதும்" என்றார். தந்தை நம்மிடம் வந்து இதைச் சொன்னார். நாம் சிறிதும் யோசிக்கவில்லை. "அதற்கென்ன, நிச்சயதார்த்தத்தைக் கோவிலிலேயே வைத்துக்கொள்வோம்" என்றோம்.

அன்று மாலை கோவில் நிறைந்திருந்தது. பாடகர் குழு பாடிற்று. மணமக்களாகப் போகிறவர்கள் பீடத்தின் முன் நின்று மோதிரம் மாற்றினார்கள், மாலையும் மாற்றினார்கள். பெண் வெண்பட்டு உடுத்தியிருந்தாள். மந்திரிப்புச் செபத்தை நாமே சொன்னோம். வெளியே பந்தலில் முந்நூறு பேருக்குப் பிரியாணி. 1984ஆம் ஆண்டில் வெளியான திருச்சபையின் ஆசீர்வாத நூல், நிச்சயதார்த்த ஆசீரைத் திருப்பலியோடு சேர்க்கலாகாது என்கிறது. அதை நினைவில் கொண்டு அன்று திருப்பலி நிறைவேற்றவில்லை. அந்த அளவுக்கு நாம் கவனமாகத்தான் இருந்தோம்! திருச்சபைச் சட்டத்தை எண்ணினோமேயன்றி, இன்னொரு நாட்டின் சட்டமும் அந்தப் பந்தலுக்குள் வந்து அமர்ந்திருந்ததை நாம் அறியவில்லை.

இளைஞர் ஊர் திரும்பியதும், வருங்கால மனைவிக்கென அமெரிக்க அரசு வழங்கும் கே-1 விசாவுக்காக ஐ-129எஃப் என்ற மனுவைப் பதிவு செய்தார். இந்த வகை விசாவுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் அயல்நாடுகளில் பணிபுரிந்த அமெரிக்கப் படைவீரர்களின் மனைவியரைச் சேர்த்துக்கொள்ள 1945ஆம் ஆண்டிலும், அவர்களுக்கென நிச்சயிக்கப்பட்ட பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1946ஆம் ஆண்டிலும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிறகு 1970ஆம் ஆண்டில், படைவீரர் அல்லாத குடிமக்களுக்கும் பயன்படும்படி கே விசா நிலையான சட்டமாயிற்று. அதன் விதிகள் சுருக்கமானவை. இருவரும் மனுவுக்கு முந்திய இரண்டாண்டுகளுக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும். இருவரும் மணமாகாதவர்களாக, மணம் செய்யத் தடையற்றவர்களாக இருக்க வேண்டும். அமெரிக்க மண்ணில் இறங்கிய 90 நாட்களுக்குள் மனுதாரரையே மணக்க வேண்டும். மணக்காவிடில் திரும்பிவிட வேண்டும். வேறொருவரை மணந்து அங்கே தங்கிவிட இயலாது.

மணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு சொல்லில்தான் நம் மகள் இடறினாள். இடறச் செய்தவர்கள் நாம்.

அவ்வாண்டு நவம்பரில் மும்பையில் நேர்காணல் நடந்தது. இருவரின் உறவு உண்மையானது என்று காட்டுவதற்காக, அந்த மாலைப் பொழுதின் புகைப்படங்களை அடுக்கி எடுத்துச் சென்றிருந்தாள். அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். "இது உங்கள் திருமணந்தானே?" என்று கேட்டாராம். இல்லை, நிச்சயதார்த்தம் என்றாள். "கோவில், பாதிரியார், மோதிரம், மாலை, விருந்து, திருமணத்தில் இதைவிட வேறென்ன இருக்கும்?" என்று மறுபடியும் கேட்டிருக்கிறார். விசா மறுக்கப்பட்டது, மனு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

செய்தி கேட்டு நமக்குச் சினம் பொங்கியது. திருமணப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை; திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்திலும் மணக் குறிப்பு எதுவும் இல்லை. இதையெல்லாம் விவரித்துச் சான்றெழுதி அனுப்பினோம். பயன் ஒன்றும் விளையவில்லை. பிறகு நம் மறைமாவட்டத்து வழக்கறிஞர் ஒருவர் விளக்கிய போதுதான் சினம் தணிந்து வெட்கம் பிறந்தது. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, உற்றார் உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் மணத்துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ இந்துக்களிடையே அது செல்லுபடியாகும் திருமணம். புரோகிதர்கூடத் தேவையில்லை. அச்சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாதுதான். ஆயினும் இந்நாட்டில் மாலைக்கும் மோதிரத்துக்கும் இத்தனை வலிமை உண்டென்று அறிந்த ஓர் அதிகாரியின் மேசையில், குருவானவரும் பீடமும் சேர்ந்த படங்களை வைத்தால் அவர் வேறென்ன நினைப்பார்? அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

இனி எஞ்சியிருந்த வழி, இங்கேயே முறைப்படி மணமுடித்து, மனைவி என்ற நிலையில் விண்ணப்பிப்பது. கணவர் ஐ-130 என்ற மனுவைத் தொடுக்க வேண்டும். இவ்வழியில் போகிறவள் அமெரிக்காவில் கால் வைத்த அன்றே நிரந்தர வசிப்புரிமையாளராகிறாள். உடனே வேலைக்குச் செல்லலாம். கே-1 விசாவில் போகிறவளோ, மணமான பின் அங்கே மீண்டும் மனு செய்து, கட்டணம் கட்டி, வேலைக்கு அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஊரில் யாரேனும் இறந்தாலும் முன்னனுமதி இன்றி வந்து திரும்ப இயலாது. எது விரைவானது என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதை எண்ணுவதில்லை.

சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மணந்து தங்கிவிடலாம் என்று யோசனை சொல்லும் மாமன்மார்களும் நம் பங்கில் உண்டு. குடியேறும் எண்ணத்தை மறைத்துப் பொய் சொல்லி விசா பெற்றதாகத் தீர்மானிக்கப்பட்டால், ஆயுள் முழுவதும் நுழைவு மறுக்கப்படலாம். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை.

கே-1 வழியில் இன்னொரு முள்ளும் உண்டு. அது நம்மைப் போன்ற குருக்களுக்கே உரியது. அரசு கொடுப்பது 90 நாட்கள். அமெரிக்க மறைமாவட்டங்கள் பலவற்றிலோ, மணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே பங்குத்தந்தையை அணுகித் தயாரிப்பைத் தொடங்க வேண்டும். இதை அறியாமல் போய் இறங்குகிறவர்கள், நாள் நெருங்கியதும் நீதிமன்றத்தில் கையெழுத்திட்டு மணந்துகொள்கிறார்கள். அரசு அதை ஏற்கும். ஆயரிடம் விலக்குப் பெறாமல் ஒரு கத்தோலிக்கர் அவ்வாறு செய்த மணத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆகவே புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, மணத்தடை இன்மைச் சான்று, ஓலை வாசித்த சான்று ஆகியவை இங்கிருந்து ஆயரகத்தின் வழியாக முன்னரே அங்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்பது பேதைமை.

2019 சூன் மாதம் அந்த இளைஞர் மீண்டும் வந்தார். அவர் லூத்தரன் ஆனதால் கலப்பு மணத்துக்கு ஆயரின் அனுமதி பெற்றோம். பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வதாக நம் மகள் வாக்களித்தாள். அவருக்கு அது தெரிவிக்கப்பட்டது. முன்னாளில் இருவருமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்று மூத்த குருக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1970ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். இம்முறை பதிவேட்டில் எழுதினோம். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்யச் சொன்னோம். கோவில் சான்று ஒன்றே போதும் என்று அதை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

பாட்டி முதல் வரிசையில் அமர்ந்து உண்மையான மாலையையும் தாலியையும் பார்த்தார். "போன தடவை கட்டினதுதானே, மறுபடியும் எதற்கு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாராம். அதிகாரியைக் குறை சொல்லி என்ன பயன்!

மனு பதிவாயிற்று. கணவர் ஐ-864 என்ற பொறுப்புறுதிப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். வறுமைக் கோடென்று அந்நாட்டு அரசு வகுத்த வருமானத்தில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத நிலையில் மனைவியைத் தாங்குவதாக அதில் உறுதி கூறுகிறார்கள். மணமுறிவு ஏற்பட்டாலும் அப்பொறுப்பு நீங்குவதில்லை. அத்துடன், மனு செய்பவர் மீது வன்குற்றத் தீர்ப்புகள் இருப்பின் அவற்றை வருங்கால மனைவிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நேர்காணலின்போது அவளுடைய உரிமைகளை விளக்கும் சிறு கையேடும் தருகிறார்கள். அதைப் படிக்காமல் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். படித்துக் காட்டச் சொல்லி நாம் கேட்பதுண்டு.

காகிதங்கள் நகர்ந்துகொண்டிருக்கையில் 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. தூதரகங்களில் வழக்கமான விசாப் பணிகள் நின்றன. கணவன் ஒகையோவிலும் மனைவி நம் ஊரிலுமாக நாட்கள் கழிந்தன. அவருடைய தாயார் அந்த இடைவெளியில் காலமானார். மருமகளை அவர் ஒருநாளும் நேரில் காணவில்லை. இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு நம் மகள் கோவிலுக்கு வந்து நெடுநேரம் அமர்ந்திருந்தாள். நாம் அவளருகே போகத் துணியவில்லை. அந்த மாலை மாற்றாதிருந்தால் 2019 தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்து அத்தாயின் கட்டிலருகே நின்றிருப்பாள் என்ற கணக்கை, அவள் போட்டாளோ என்னவோ, நாம் போட்டோம்.

2021 அக்டோபரில்தான் அவள் விமானம் ஏறினாள். மணமாகி இரண்டாண்டு நிறைவதற்குள் போய்ச் சேர்கிறவர்களுக்கு இரண்டாண்டு நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து மனு செய்து நிபந்தனையை நீக்க வேண்டும். கணவன் கொடுமை செய்கிறவனாயின் அவன் கையெழுத்தின்றித் தனியே மனு செய்யவும் வழியுண்டு. இவளுக்கோ தாமதத்தால் இரண்டாண்டு கடந்துவிட்டதால் பத்தாண்டு அட்டையே கிடைத்தது. தந்தை அதைச் சொல்லி நம்மைத் தேற்றினார். அன்று முதல் இன்றுவரை அந்தக் குடும்பத்தார் நம்மை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. அதுவே நமக்குக் கூடுதல் பாரமாக இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு குடும்பத்தார் வந்திருந்தனர். பையன் இங்குள்ளவன், பெண் சிகாகோவில் பிறந்து வளர்ந்த அமெரிக்கக் குடிமகள், கே-1 மனு செய்யப் போகிறார்கள். நிச்சயதார்த்தத்தைக் கோவிலில் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே வையுங்கள், நாம் வந்து செபம் சொல்கிறோம், சாதாரண உடை போதும், மாலை வேண்டாம், அழைப்பிதழில் நிச்சயதார்த்தம் என்று தெளிவாக அச்சிடுங்கள் என்றோம். பையனின் தாயார் எழுந்து நின்றுவிட்டார். "மாலை இல்லாமல் ஒரு நிச்சயமா, சாமி? ஊரில் என்ன பேசுவார்கள்?" என்றார். பேசட்டும் அம்மா என்றோம். அவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை.