கைக்கணக்கு எடுபடாத வேலை

சிலாபத்தில் புத்தளம் பஸ் ஏறி, பத்துளுஓயாச் சந்தியில் இறங்கும்போது காலை ஆறு மணி. அங்கிருந்து உடப்புக்கு ஓட்டோ. மார்கழி மாதம் என்பதால் திரௌபதை அம்மன் கோயில் பக்கமிருந்து திருவெம்பாவை ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. ஆடி மாதத்தில் 18 நாள் திருவிழாவும் தீமிதிப்பும் நடக்கும்போது கால் வைக்க இடமில்லாத வீதி, இப்போது நாய்கள் படுத்துறங்கும் அளவுக்கு வெறிச்சென்று கிடந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது.

என் மாமி மகன் சுவிட்சர்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். அங்கே ஒரு சுடுகழகத்தில் பல வருடமாக உறுப்பினன். போட்டிக்குச் சுடுவது 9 மில்லிமீற்றர் கைத்துவக்கால், அதுவும் தானே நிரப்பிய ரவைகளால். சொந்தப் பாவனைக்கு ரவை நிரப்பிக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கே இலங்கையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் உரிமம் இல்லாத கையை வெடிமருந்துக்குப் பக்கத்தில் விடுவதில்லை. அதனால் மச்சான் ஒரு வெற்றுக் கோதுகூடக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது ஒரு கறுப்பு அட்டைக் கொப்பியும் ஒரு சின்னக் கலிப்பரும்தான். அந்தக் கொப்பியைப் பார்க்கத்தான் நான் போனேன். எங்கள் குடும்பத்தில் வலது கையில் இரண்டு விரல் இல்லாத ஒரு பெரியப்பா இருந்தார். அந்த விரல்களைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே எனக்குள் கிடந்த கேள்விக்கு இவன் கொப்பியில் பதில் இருக்கும் என்று ஒரு எண்ணம்.

கரையில் கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள், அம்பாப் பாட்டு, மடி இன்னும் தூரத்தில். வலையை நடத்தும் மண்டாடி தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். வாடியில் கருவாட்டுக்கு உப்புப் போடும் பெண்களும் அளந்து போடுவதில்லை. கை அள்ளும், அது சரியாக இருக்கும். இந்த ஊரின் சோறே கைப்பக்குவத்தில் இருந்துதான் வருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஐம்பது வருட அறிவு அந்தக் கையில் இருக்கிறது.

மச்சான் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு பொடியன் வீச்சுவலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான், வீட்டிலேயே உருக்கி வார்த்த ஈயம். அதில் பத்தை வாங்கிக்கொண்டு, தெருவில் இருக்கும் நகைப் பத்தரிடம் என்னைக் கூட்டிப்போனான். பத்தரின் மின்தராசில் ஒவ்வொன்றாக வைத்தான். முதலாவது 8.1 கிராம். அடுத்தது 8.8. மூன்றாவது 9.3. பத்தும் முடிந்தபோது மிகச் சின்னதுக்கும் மிகப் பெரியதுக்கும் இடையில் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம்.

“வலை விழும். மீனும் படும். இந்த வித்தியாசம் வலைக்கு ஒண்டுமில்லை,” என்றான். “நான் போடுற சன்னமும் கிட்டத்தட்ட இதே எடைதான், 124 கிரெய்ன், எட்டுக் கிராமுக்குக் கொஞ்சம் மேல. ஆனா பெட்டியில நூறு சன்னம் இருந்தா நூறும் ஒண்டுபோல இருக்கவேணும். உள்ள போற மருந்து அதைவிடக் கறார்.”

கிரெய்ன் என்றால் எவ்வளவு என்று பத்தர் கேட்டார். 0.065 கிராம். பத்தர் உடனே சொன்னார்: குன்றிமணியில் அரைவாசி. ஒரு கைத்துவக்கு ரவைக்குள் போகும் மருந்து அப்படிச் சில அரைக் குன்றிமணிதான். அதைக் கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் பார்க்கவேண்டும். பத்தர் தலையசைத்தார். தங்கம் நிறுப்பவருக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

திரும்பிவந்து கொப்பியைத் திறந்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒழுங்கு: திகதி, சன்னத்தின் எடை, மருந்தின் பெயரும் டப்பாவின் தொகுதி இலக்கமும், கோதின் அடியில் வெடிக்கும் கேப்பின் வகை, கோது எத்தனையாவது தடவை நிரப்பப்படுகிறது, ரவையின் முழு நீளம், அன்றைய வெப்பநிலை. அதற்குக் கீழே வேகமானி காட்டிய பத்து எண்கள்.

இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒன்றில் பத்துச் சூட்டில் வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் இடையே செக்கனுக்கு 31 மீற்றர் வித்தியாசம். மற்றதில் 8 மீற்றர்தான், சராசரி 323. முதலாவதன் சராசரி இதைவிடக் கூட. ஆனால் அவன் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. அவன் சுடும் ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசச் சுடுபோட்டியின் விதிப்படி, சன்னத்தின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வரவேண்டும். இவனுக்கு 131 வருகிறது. பத்தில் மிக மெதுவாகப் போன ரவையும் 125க்குக் கீழே இறங்கவில்லை. அதற்கு மேல் வேகம் தேடுவதில் அவனுக்கு ஆசையே இல்லை. வேகத்துக்காக இந்த வேலைக்கு வருகிறவன் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று எனக்கும் படுகிறது.

தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் கைத்துவக்குக்கு ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டேன். மணலில் விரலால் கீறிக் காட்டினான். சுட்டவுடன் மேல்மூடி பின்னுக்குப் போகிறது, வெற்றுக் கோதை வெளியே எறிகிறது, சுருள்வில் தள்ள முன்னுக்கு வருகிறது, வரும் வழியில் மகசினிலிருந்து அடுத்ததை ஏற்றுகிறது. இவ்வளவையும் செய்விப்பது அந்தச் சிட்டிகை மருந்து. மருந்து குறைந்தால் மூடி முழுத்தூரம் போகாது, கோது வாயிலேயே சிக்கி நிற்கும். கூடினால் கோதின் அடிப்பக்கம் கிழியும், துவக்கே உடையும். கீழும் எல்லை, மேலும் எல்லை, நடுவில் உள்ள ஒடுக்கமான இடத்தில்தான் நிற்கவேண்டும். 9 மில்லிமீற்றர் ரவைக்கு ஐரோப்பியத் தரம் வகுத்த உச்ச அழுத்தம் 2,350 பார். கார் டயருக்குள் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு. அது விரல்களுக்குச் சில அங்குலத்துக்கு அப்பால் நடக்கிறது.

அவன் தெரிவு செய்யும் முறையில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. மருந்துக் கம்பனி அச்சிட்ட அட்டவணையில் உள்ள மிகக் குறைந்த அளவில்தான் தொடக்கம். பத்து ரவை நிரப்பிச் சுடுவான், கோதுகளைப் பொறுக்கிப் பார்ப்பான், பிறகுதான் துளி கூட்டுவான். அட்டவணையின் உச்சியை ஒருநாளும் தாண்டுவதில்லை. கழகத்து நண்பன் சொன்ன அளவு, ஆரோ எழுதிவைத்த அளவு எதையும் எடுப்பதில்லை. இன்னொருவனின் குழலுக்கும் கோதுக்கும் பொருந்தியது தன்னுடையதற்குப் பொருந்தும் என்று எந்த உறுதியும் இல்லை. சன்னத்தின் வகை மாறினால், செப்புறை போட்டதிலிருந்து வெறும் ஈயத்துக்குப் போனால்கூட, திரும்ப முதலாம் படி.

நீளத்துக்கும் இதே கதை. கலிப்பரை எடுத்துக் காட்டினான். அட்டவணை 29.69 மில்லிமீற்றர் வரை விடுகிறது, ஆனால் தன் துவக்கின் வாய் எவ்வளவு ஏற்கும் என்பதைத் துவக்கிடமே கேட்கவேண்டும். குழலைத் தனியே கழற்றி, ரவையை உள்ளே விட்டால் ‘டொக்’ என்று இருக்கவேண்டும். கவிழ்த்தால் தன் பாரத்தில் தானே விழவேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் நீளமோ வாயின் விரிவோ பிழை. இன்னொரு சோதனை: ரவையின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவது, முன்னும் பின்னும் அளப்பது. சன்னம் உள்ளே இறங்கியிருந்தால் அந்தத் தொகுதி முழுக்கக் கழிவு. இவ்வளவு சின்னக் கோதுக்குள் சன்னம் கொஞ்சம் இறங்கினாலே மருந்துக்கு இடம் சுருங்கி, அழுத்தம் தாறுமாறாக ஏறிவிடும். மகசினிலிருந்து ஏறும் வழியில் சன்னம் அடிபட்டு உள்ளே இறங்குவதற்கும் சாத்தியம் உண்டு.

பிறகு சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சில மருந்துகள் மிக வேகமாக எரிபவை, கொஞ்சம் போட்டாலே போதும். அதனால் கோதுக்குள் தவறுதலாக இரண்டு தடவை விழுந்தாலும் நிரம்பி வழியாது, கண்ணுக்குத் தெரியாது. இரட்டை அளவு விழுந்தால் கோது வழியவேண்டும், அப்படிப் பருத்த மருந்தைத்தான் அவன் தேடி வாங்குகிறான். மலிவு, மிச்சம் பிடித்தல் எல்லாம் இதற்குப் பிறகுதான். ஐம்பது குழி உள்ள மரப்பலகை ஒன்று வைத்திருக்கிறான், ஃபோனில் படம் காட்டினான். எனக்குப் பல்லாங்குழிதான் ஞாபகம் வந்தது. ஐம்பது கோதிலும் மருந்து போட்ட பிறகு ரோச் அடித்து வரிசை வரிசையாகப் பார்ப்பான், எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று. பார்த்து முடியும்வரை ஒரு சன்னம்கூடப் பொருத்துவதில்லை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பா மட்டும். ஃபோன் அடுத்த அறையில்.

மருந்தே விழாத கோதும் ஆபத்துத்தான். அடியிலுள்ள கேப்பு மட்டும் வெடித்து, சன்னம் குழலுக்குள் பாதி வழியில் நின்றுவிடும். சத்தம் ‘புஸ்’ என்று மெலிவாக வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு விசையில் விரல் போகவே கூடாது. துவக்கை வெறுமையாக்கிக் குழலைப் பார்க்கவேண்டும். அடுத்ததைச் சுட்டால் அடைபட்ட குழல் வெடிக்கும். ஒரு தடவை போட்டி நடுவில் தனக்கு அப்படிக் கேட்டதாகவும், சூட்டை நிறுத்தியதால் அன்றைய புள்ளிகள் போனதாகவும் சொன்னான். வீட்டுக்குப் போய் அதே நாளில் நிரப்பிய மீதி 180 ரவையையும் உடைத்துப் பிரித்தானாம். ஒரு வாரம் எடுத்தது. கொப்பியில் அந்தப் பக்கத்தின் மேல் சிவப்புக் கோடு இருக்கிறது. பக்கத்தைக் கிழித்து எறியாமல் வைத்திருக்கிறான், அதற்காகவே அவன்மேல் எனக்கு மரியாதை கூடியது.

மடி கரையேறியது. சாளையும் கொஞ்சம் பாரையும். ஆட்கள் ஓடினார்கள், நாங்கள் மாமி வீட்டுக்கு நடந்தோம்.

மத்தியானம் சாப்பிட்டபிறகு, பெரியப்பாவின் விரல்களைப் பற்றி மாமியிடம் கேட்டேன். எங்களுக்குச் சின்னதில் சொல்லப்பட்டது, பன்றிக்குக் காவல் இருந்தபோது இடியன் துவக்கு வெடித்தது என்பது மட்டும்தான். இடியனுக்குக் குழல் வாயால் கருமருந்தைக் கொட்டி, தும்பு வைத்து இடிப்பார்கள். மாமி சப்பணமிட்டு உட்கார்ந்து, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அன்றைக்குக் கருமருந்து முடிந்துபோயிருந்தது. ஆரோ கொடுத்த கடைத் தோட்டா ஒன்றைப் பிரித்து, அதன் மருந்தை எடுத்துப் போட்டாராம்.

மச்சான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். கடைத் தோட்டாவின் புகையில்லா மருந்து வேறு சாதி. கருமருந்து போகும் அளவுக்கு அதைப் போட்டால் எந்த இடியன் குழலும் தாங்காது. அவன் மாமியிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: “எவ்வளவு போட்டவர் அம்மா?”

“வழக்கமாப் போடுறதுதானே,” என்றார் மாமி. வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் குவித்து, நடுக்குழியை மற்றக் கை விரலால் தொட்டுக் காட்டினார்.