என் கையெழுத்தில் ஒரு கடதாசி

என் கையெழுத்து அழகானது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்திலேயே அறிவித்தல் எழுதும் வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். ஊருக்கு வந்த பிறகு விண்ணப்பம், முறைப்பாடு, காணிப் பிரச்சினை என்று எழுதுவிக்க வருபவர்கள் என் வீட்டுத் திண்ணையில் குந்தியிருப்பார்கள. காசு வாங்குவதில்லை. அப்படி எழுதிக் கொடுத்த ஒரு கடதாசியின் கதை இது.

2021ஆம் ஆண்டு பெரும்போக அறுவடை. அந்த நாட்களில் எங்கள் அம்பாறை மாவட்டத்து வீதிகளில் நெல் லொறிகள்தான் ஓடும். வயலிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கொழும்புக்கு. ஒரு மூடை அறுபது எழுபது கிலோ வரும். ஏற்றுகிறவர்களுக்கு மூடைக் கணக்கில்தான் கூலி. ஆகவே, ஆறுதலாக ஏற்றினால் அடுப்பு எரியாது. லொறியின் பக்கத் தட்டுக்கு மேலாலும் மூடைகள் உயர்ந்து போகும். உச்சியில் நிற்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எல்லாம் ஏற்றி முடிந்து படங்கு போட்டுக் கயிறு கட்டும்போதுதான் பெரிய ஆபத்து. உடம்புப் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தால்தான் கயிறு இறுகும். கயிறு அறுந்தால் இழுத்தவரும் அதே திசையில் பின்பக்கமாகப் போவார்.

எங்கள் பக்கத்து வீட்டுக் காக்கா அப்படித்தான் போனார். உம்மாவின் வழியில் எனக்குச் சொந்தமும்கூட. கீழே ஆலையின் கொங்கிரீட் முற்றம். முள்ளந்தண்டில் முறிவு. மாதக் கணக்கில் கட்டிலில் கிடந்தார். இப்போது பொல்லூன்றி நடக்கிறார். ஒரு குடம் தண்ணீர் தூக்க ஏலாது.

ஆரம்பத்தில் முதலாளி வந்து பார்த்தார். பழமும் கொண்டுவந்தார், மருந்துக்கும் கொடுத்தார். இரண்டு மாதம் போனதும், காக்கா யாருடைய ஆள் என்ற கேள்வி வந்துவிட்டது. "அவனுகள் தானா வாற ஆக்கள், லொறிக்காரன்ட பொறுப்பு" என்றார் முதலாளி. "நான் வாடகைக்கு ஓடுறவன், சாமான் ஆலைட" என்றார் லொறிக்காரர். கூலியை எண்ணிப் பிரித்துக் கொடுக்கும் தலைவரோ, "நானும் மூடை தூக்குறவன்தானே" என்றார். இருபது வருடம் அந்த முற்றத்தில் மூடை சுமந்த மனிசனின் பெயர் ஒரு கொப்பியிலும் இல்லை.

பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நஸீபு என்றார்கள். கட்டிலில் கிடப்பவர் தன் வாயால் சொன்னால் அது ஈமான். அதே சொல்லை ஆலைக்காரர் சொல்லும்போது வேறு மாதிரிக் கேட்கிறது. ஆனால் அன்று எனக்கு அப்படிக் கேட்கவில்லை. எழுபத்தைந்தாயிரம் ரூபாய் என்று முடிவானது. "பின்னுக்குக் கரைச்சல் வராம ஒரு சின்னக் கடதாசி" என்றார் முதலாளி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எழுதினேன். "எனது கவனக்குறைவினாலேயே விழுந்தேன் என்பதையும், இத்தொகையை முழுமையான தீர்வாக ஏற்றுக்கொண்டு இனி எவ்விதக் கோரிக்கையும் முன்வைக்கமாட்டேன் என்பதையும்..." கவனக்குறைவு என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வசனம் நிறைவாக இருக்கட்டுமென்று நானேதான் போட்டேன். காக்கா படுத்தபடியே கையொப்பமிட்டார். "ஒங்கட எழுத்து முத்து முத்தா இரிக்கு மாஸ்டர்" என்றார்.

சென்ற பெருநாளுக்கு என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது சட்டத்தரணி. பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "சேர், அந்தக் கடதாசிய எழுதினது யாரு?"

1934இலிருந்து நம் நாட்டில் வேலையாட்களின் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. என் வாப்பா பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம். பாடசாலையில் எத்தனையோ சட்டத்தின் ஆண்டுகளைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறேன், இதை எனக்கே தெரியாது. விழுந்தது யாருடைய பிழை என்று அந்தச் சட்டம் முதலில் கேட்பதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நடந்ததா என்றுதான் கேட்கிறது. குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினாலோதான் தொழில் கொடுப்பவர் மறுக்க இடமுண்டு. கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டியதில்லை, வாய்ப்பேச்சு போதும். நாட்கூலியா மூடைக்கூலியா என்பதும் பிரச்சினையில்லை. இடையில் ஒருவர் ஆள் பிடித்துக் கொடுத்தார் என்பதற்காகப் பெரிய முதலாளி கை கழுவிவிட முடியாது. எந்த உறுப்புப் போனால் எத்தனை வீதம் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். மௌத்தானால் நட்டஈட்டுப் பணத்தை ஆணையாளரிடம் கட்ட வேண்டும், விதவையின் கையில் எதையாவது வைத்துவிட்டுப் போக ஏலாது.

காக்கா விழுந்த நேரம் உச்சத் தொகை ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம். 2022இல் அதை இருபது இலட்சமாக்கி, வேலைக்குப் போகிற வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள்.

"அப்ப அந்தக் கடதாசி?" என்று கேட்டேன்.

"அது செல்லாது சேர். உரிமைய விட்டுக்குடுக்கிறன் எண்டு தொழிலாளி எழுதிக் கையொப்பம் வெச்சாலும் சட்டத்துக்கு முன்னால அது வெறும் தாள்."

அவர் போன பிறகு வெகுநேரம் திண்ணையிலேயே இருந்தேன். சட்டத்துக்கு அது வெறும் தாள்தான். காக்காவுக்கு அப்படியில்லையே. தன் பிழையால் விழுந்ததாகத் தானே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று நான்கு வருடம் நம்பியிருந்தார். யாராவது கேட்டால், "மாஸ்டர் எழுதின கடதாசியில எல்லாம் இரிக்கு" என்பாராம். அவருடைய மகன் படிப்பை விட்டு அதே ஆலையில் மூடைக்குப் போகிறான்.

இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையாளர் மன்னிக்கலாம், மறுக்கவும் செய்யலாம் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தார். காக்காவிடம் விளங்கப்படுத்தினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்க" என்றார்.

விபத்து நடந்த விதம், வைத்தியசாலைத் துண்டுகள், கூட வேலை செய்த இரண்டு பேரின் வாக்குமூலம், எல்லாம் எழுதி முடித்தாயிற்று. கடைசியில் தாமதத்திற்கான காரணம் என்ற இடத்தில் பேனை நின்றது.

"சுகமில்லாம கிடந்தன் எண்டு போடுங்க" என்றார் காக்கா. "ஒங்கட பேர் எதுக்கு? முதலாளி ஒங்கட பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில இரிக்காரே."

அது உண்மைதான். பாடசாலைக்குப் புதிய கேற் போட்டுத் தந்ததும் அவர்தான்.

கீழ்க்காணும் ஆசிரியர் சட்டம் தெரியாமல் எழுதிக் கொடுத்த ஓர் ஆவணத்தை நம்பியதால், என்று எழுதி, என் பெயரையும் முகவரியையும் போட்டேன். அடுத்த நாள் இருவருமாகத் தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பற்றுச்சீட்டைக் காக்கா நான்காக மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.