அம்மன் முகமும் ஆறு வேட்டியும்

நவராத்திரி சமயத்தில மண்டபத்துல ராத்திரி 11 மணிக்கு மேல என்ன வெளிச்சம், என்ன சத்தம்னு பல பேர் கேட்டீங்க. பதில் சொல்ல இப்பதான் நேரம் கிடைச்சது, ரெண்டு வாரமா நைட் ஷிப்ட்.

நம்ம ஆலய பரதநாட்டிய வகுப்புப் பிள்ளைகளும், சினிமா படிக்கிற ஒரு தம்பியும் சேர்ந்து 12 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கணும்னு வந்தாங்க. கதை இல்ல, வசனம் இல்ல. ஆட்டம், ஆடுற ஆள் மேல விழுற புரொஜெக்டர் வெளிச்சம், சத்தம், அவ்வளவுதான். கதை இல்லாம என்னப்பா படம்னு கேட்டோம். 1948-லயே உதய் சங்கர் 'கல்பனா'னு நாட்டியத்தையே முழுப்படமா எடுத்திருக்காரு, அதுவும் மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவிலன்னு தம்பி சொன்னாரு. சரி, கிளந்தான் வாயாங் கூலிட்ல வெள்ளைத்துணியில நிழலை வச்சே ராமர் கதை காட்டுறாங்களே, அந்த மாதிரி ஏதோன்னு எடுத்துக்கிட்டோம்.

சேவார வகுப்புக்கு வச்சிருந்த பழைய புரொஜெக்டர்தான். திரைக்கு ஆறு வேட்டியை ஒண்ணா தைச்சோம். ட்யூப் லைட்டைப் போட்டு எடுத்தா படத்துல பட்டை பட்டையா ஓடுச்சு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் நொடிக்கு 100 தரம் மின்னும். கேமராவுல 1/50 வச்சதும் நின்னுச்சு. மைக்கை மண்டபத்தோட கடைசியில, 20 மீட்டர் தள்ளி வச்சிருந்தோம். சத்தம் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள படம் ஒண்ணரை ஃபிரேம் ஓடிடுது, கால் தட்டினதுக்குப் பிறகுதான் சலங்கை கேக்குது. அதனால ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும்போது ஆடுற இடத்துலயே கைமணியை ஒரு தட்டு தட்டி, அதை வச்சு ஒட்டினாங்க.

மூணாவது ராத்திரிதான் பிரச்சனை. தங்கச்சியோட வெள்ளைப் புடவை மேல அம்மன் முகத்தைப் போட்டாங்க. பார்க்க மேனி சிலிர்த்துச்சு. ஆனா தங்கச்சி நகர்ந்ததும் முகத்தோட கீழ்ப்பாதி தரையில விழுந்துச்சு, அது மேலயே கால் தட்டி ஆடுது. பூ கட்டுற பாட்டி ஓடி வந்து, "அம்மா மேல காலை வைக்காதேடி!"னு கத்திட்டாங்க. தங்கச்சி அழுதுகிட்டே, "நான் மிதிக்கல பாட்டி, அவங்கதான் என் கால் மேல விழுறாங்க"ன்னுச்சு. எல்லாம் அப்படியே நின்னுபோச்சு. கமிட்டியில ரெண்டு பேர் படத்தையே நிறுத்துங்கன்னாங்க.

எங்களுக்குள்ளயும் ரெண்டு பக்கம்தான். வெளிச்சத்துக்கு ஏது தீட்டுன்னு சில பேர். ஆனா காலண்டர்ல இருக்கிற சாமி படத்தை நாம மிதிப்போமா? காகிதமும் வெறும் காகிதம்தானே? உண்மையைச் சொன்னா, பாட்டி சொன்னதுதான் எங்க மனசுல நின்னுச்சு. குருக்கள் ஐயாவைக் கேட்டோம். "படத்தை எடுங்க, பாதத்துக்கு மேல நிறுத்துங்க"ன்னாரு, அவ்வளவுதான்.

ஃபேக்டரியில ஜிக் செஞ்சு பழகின கை சும்மா இருக்குமா! ஒரு அட்டையை வெட்டி புரொஜெக்டர் முன்னால, கீழ்ப்பாதி வெளிச்சத்தை மறைக்கிற மாதிரி வச்சோம். லென்சை ஒட்டி வச்சா முழுப்படமும் மங்குது. ரொம்ப தள்ளி வச்சா கத்தியால வெட்டின மாதிரி கோடு விழுது. ஒரு முழம் தள்ளி வச்சப்பதான் சரியா வந்துச்சு. அம்மன் முகம் தங்கச்சி முழங்கால் கிட்ட மெல்ல மெல்லக் கரைஞ்சு இருட்டாயிடுது. முதல்ல எடுத்ததைவிட இதுதான் அழகுன்னு தம்பியே சொன்னாரு.

சத்தத்துக்கு உறுமி வேணும்னு நாங்க நினைச்சோம். கடைசியில தம்பி எடுத்தது பாட்டி விடியக்காலையில வாசல் கூட்டுற விளக்குமாத்துச் சத்தம். முதல் மூணு நிமிஷ ஆட்டம் முழுக்க அதுதான். பாட்டிக்கு நாங்க சொல்லல.

வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி பூஜை முடிஞ்சு மண்டபத்துல போடுறோம். பாட்டிக்கு முன்வரிசையில நாற்காலி போட்டாச்சு, யாரும் உட்கார்ந்துடாதீங்க. ஃபேன் எல்லாம் நிறுத்திடுவோம், வேட்டித்திரை ஆடும். கைவிசிறி இருந்தா கொண்டு வாங்க.