நாலு காசு எங்கே போச்சு?

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைத் துடைக்கும்போது, அடியில் விரித்திருந்த பழைய பேப்பர் கையோடு வந்தது. 1957 ஏப்ரல் 1. மடிப்பெல்லாம் பழுப்பு, ஒரு மூலையில் கற்பூரக் கறை. முதல் பக்கத்தில் நயா பைசா. அன்றுதான் அது புழக்கத்துக்கு வந்தது.

அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்றிலிருந்து 100 நயா பைசா. ஓரணாவுக்குக் கணக்குப்படி 6¼ வரவேண்டும். கால் காசுக்கு எங்கே போவது? 6 என்று வைத்தார்கள். நாலணாவுக்குச் சரியாக 25.

இங்கேதான் அப்பத்தா மாட்டிக்கொண்டாராம். பதினாறு ஓரணாவை ஒவ்வொன்றாக மாற்றினால் 96தான் தேறும். "மீதி நாலு காசு எங்கடா போச்சு?" என்று சிவகாசிக் கடைவீதியில் அவர் போட்ட சண்டையைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தச் சண்டை அவ்வளவு பிடிக்கும். கணக்கு அவர் பக்கம்தானே!

சாத்தூரில் ஜெயித்த நம்ம காமராஜர் மறுபடி முதலமைச்சர் ஆனதும் அதே ஏப்ரலில்தான். 1964-இல் 'நயா' போனது. 2011-இல் 25 காசே செல்லாமல் போனது. நாலணா, எட்டணா மட்டும் எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் செல்லுபடி.

தாளைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டேன். எடைக்குப் போட்டால், எங்க ஊரில் அது அடுத்த தீபாவளிக்கு வெடியாகத்தான் திரும்பி வரும்.