தோல் மாற்றிய காங்கோ

மேளத்தில் மரம் நெடுநாள் வாழ்கிறது; அடிபட்டுத் தேய்வது தோலே. காக்களூர்த் தொழிற்பேட்டையில் உழைத்து, ஞாயிறுதோறும் திருப்பலியில் காங்கோ வாசிக்கும் நம் பங்கு இளைஞர்கள் புதியதொன்று வாங்கப் பணம் கேட்டனர். பாடகர் குழுவின் நிதியோ சொற்பம். முதலில் பழையதைச் சோதிப்போம் என்றோம். மர உடலில் வெடிப்பில்லை. இரும்பு வளையம் கோணவில்லை. திருகுகளின் மரை தேயவில்லை. தோலை மட்டும் மாற்றினால் போதும்.

மிருதங்கம் செய்யும் பெரியவர் ஒருவரை நாடினோம். தோலை நீரில் ஊறவைத்து, வளையத்தில் மடித்துப் பொருத்தி, எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக, ஒரே அளவாய் முறுக்கினார். வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தினார்.

கியூபாவில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் உருவாக்கிய கருவி இது. அதற்கு இங்கே ஒரு தமிழ்க் கை உயிர் தந்தது. தமிழகத்தில் மிருதங்கம் செய்வோருள் தலித் கிறிஸ்தவர் பலர். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னே தஞ்சாவூர் பர்லாந்தின் உழைப்பு இருந்தது. இத்தகையோர் வாழ்வை டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக்கினார்.

மக்களின் இசை மரபுக்குரிய மதிப்பைத் தருமாறு 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. அம்மதிப்பு வாசிப்பவரோடு நின்றுவிடலாமா? தோல் தொட்டவரைத் தீட்டென ஒதுக்கிய சமூகம், அவர் கட்டிய தோலின் ஒலியிலேயே இறைவனைத் துதித்து வந்துள்ளது. பழையதைப் பழுதுபார்ப்பது சிக்கனம். பழுதுபார்ப்பவரின் கூலியைக் குறைப்பது அநீதி.

பெரியவர் கேட்ட கூலியைக் குறையாமல் கொடுத்தோம். குழுவின் கணக்கேட்டில் தொகையோடு அவர் பெயரையும் எழுதச் சொன்னோம்.