நைட் சிட்டியில் நெட் போன ராத்திரி

எழுதி ரொம்ப நாளாச்சு. செமஸ்டர், ப்ராஜெக்ட்னு சாக்கு நிறைய இருக்கு, அதை விடுங்க. ஒரு கற்பனை நகரத்தோட நெட்வொர்க்கை மொத்தமா காலி பண்ணப்போய், கூடவே ஒரு நண்பனையும் கிட்டத்தட்ட காலி பண்ணின கதை இது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டேபிள்டாப் ரோல்பிளேயிங்னா போர்டு கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. நாலஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உட்காருவோம். ஒருத்தர் கேம் மாஸ்டர், அதாவது கதை சொல்றவர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்"னு ஒருத்தன் சொன்னா, உடையுதா இல்லையான்னு பத்து முகப் பகடை சொல்லும். நாங்க ஆடுறது சைபர்பங்க் ரெட், 2020ல வந்தது. மைக் பாண்ட்ஸ்மித் 1988ல ஆரம்பிச்சு வெச்ச வரிசை. கதை நடக்குறது 2045ல, கலிஃபோர்னியா கரையில இருக்கிற நைட் சிட்டிங்கிற கற்பனை நகரத்துல. கேம் மாஸ்டர் அடியேன்.

எங்க குழுவுல ஒரு அடியாள், காயத்துக்குத் தையல் போடுற டாக்டரம்மா, வண்டியோட ஊர் சுத்துற ஒருத்தன், அப்புறம் பல்லி. பல்லிதான் நெட்ரன்னர், அதாவது ஹேக்கர். (பாத்திரத்தோட பேர்தாங்க. ஆடுறவன் பேரை எழுதினா அடிப்பான்.) ஆடுறவன் வகுப்புல வாயே திறக்க மாட்டான். வைவாவுல பதில் தெரிஞ்சும் முழிப்பான். சனிக்கிழமை ராத்திரி பல்லியா மாறினா மட்டும் ஆளே வேற. ஒரு தடவை வாட்ச்மேன் ரூம் கேமராவை ஏமாத்துறதுக்கு அவன் சொன்ன பொய்யைக் கேட்டு எல்லாரும் கைதட்டினோம்.

பத்தாவது ஆட்டத்துல எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. ஊர் மொத்தத்துக்கும் நெட்வொர்க் போனா எப்படி இருக்கும்? ஒரு வைரஸ். ராத்திரி 11 மணி. சிட்டிநெட் அவுட். லிஃப்ட் நின்னு போச்சு, கதவு திறக்கல, கடையில கார்டு ஏறல. அந்த நேரம் பார்த்து எங்க அடியாளுக்கு வயித்துல குண்டு. இந்த விளையாட்டுல டிராமா டீம்னு ஒரு தனியார் ஆம்புலன்ஸ் உண்டு, ஆயுதத்தோட பறந்து வரும். சந்தா கட்டினவங்க கையில இருக்கிற கார்டை உடைச்சா போதும். உடைச்சான். யாரும் வரல. மேஜையில ஒரு சத்தம் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா! டாக்டரம்மா டார்ச் வெளிச்சத்துல தையல் போட்டு ஆளைக் காப்பாத்தினா. வண்டிக்காரன் ரேடியோவுல ஆள் பிடிச்சான்.

"நான் என்னடா பண்றது?"ன்னு பல்லி கேட்டான்.

"எதுல கை வெச்சாலும் வைரஸ் மூளையில ஏறிடும் மச்சி. நீ கொஞ்சம் பத்திரமா இரு"ன்னேன்.

அவன் பத்திரமா இருந்தான். ரெண்டு வாரம் மொபைலை நோண்டிட்டு உட்கார்ந்திருந்தான். மூணாவது வாரம், "ரெக்கார்டு எழுதணும்டா, நீங்க ஆடுங்க"ன்னு சொல்லிட்டான். அந்த ரெக்கார்டைத்தான் முந்தின நாள் நான் அவன்கிட்ட வாங்கி காப்பி அடிச்சு முடிச்சிருந்தேன் :-)

சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள்ள சுருக்குனு இருந்துச்சு. புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். சைபர்பங்க் கதையிலயே இதைவிடப் பெரிய நாசம் ஒண்ணு உண்டு. பேரு டேட்டாகிராஷ். ரேச் பார்ட்மாஸ்னு ஒரு ஹேக்கர், 2022ல (கதைக் கணக்குல) உலகத்தோட பழைய நெட்டையே குப்பையாக்கிட்டுப் போனார். இது கதைக்காக மட்டும் வெச்சதுன்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லை. 1990ல வந்த சைபர்பங்க் 2020 பதிப்புல நெட்ரன்னர் வீட்டுல உட்கார்ந்தே எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துடலாம். அவன் தனியா அரை மணி நேரம் பகடை உருட்டிட்டிருக்க, மத்த எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவாங்க. இந்த ஆட்டம் ஆடுறவங்க வருஷக்கணக்கா புலம்பின பிரச்சினை இது. பழைய நெட்டைக் கொன்ன பிறகு வர்ற ரெட்ல, நெட்ரன்னர் ஆக்சஸ் பாயின்டுக்கு 6 மீட்டருக்குள்ள போய் நின்னாத்தான் வேலை நடக்கும். வேற வழியே இல்லை, கூட்டத்தோட சேர்ந்து போயாகணும், சுடுறப்போ சேர்ந்து குனியணும்.

ஷேடோரன்னு இன்னொரு விளையாட்டு, 1989ல வந்தது. அதுலயும் இதே வேலை. கதையில 2064ல ஒரு பெரிய கிராஷ், அதுக்கு அப்புறம் எல்லாம் வயர்லெஸ். 2005ல வந்த நாலாவது பதிப்புல ஹேக்கர் மத்தவங்களோட நடந்துக்கிட்டே ஹேக் பண்ணலாம். அவங்க உலகத்தையே உடைச்சு ஹேக்கரை மேஜைக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நான் அதே ஆயுதத்தை எடுத்து அவனை ரூமுக்கு அனுப்பிட்டேன்.

எப்படிச் சரி பண்றதுன்னு தேடினப்போ உதவினது நிஜ உலகம்தான். 2021 அக்டோபர் 4, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? வைரஸ் எல்லாம் இல்லை. பராமரிப்பு நேரத்துல கொடுத்த ஒரு கமாண்ட் அவங்க டேட்டா சென்டர்களை இணைக்கிற முதுகெலும்பையே அறுத்துடுச்சு. தூரத்துல இருந்து சரி பண்ற கருவிகளும் அதே நெட்வொர்க்கைத்தான் நம்பி இருந்துச்சு. ஆளை நேர்ல அனுப்பினா, சுலபத்துல உள்ளே நுழைய முடியாதபடி பார்த்துப் பார்த்துக் கட்டின கட்டடம். 2022 ஜூலை 8, கனடாவுல ரோஜர்ஸ் நெட்வொர்க் விழுந்தப்பவும் அதே கதை. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல வாடிக்கையாளர்கள், டெபிட் கார்டு வேலை செய்யல, 911க்குப் போன் போகாம தவிச்சவங்க உண்டு. சரி பண்ண வேண்டிய ஊழியர்களே ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட முடியாம வேற கம்பெனி சிம் போட்டுப் பேசினாங்க.

படிச்சதும் மண்டையில லைட் எரிஞ்சுது. நெட்வொர்க் செத்தா ஹேக்கருக்கு வேலை போகாதுங்க. எந்தப் பெட்டிகிட்ட யார் நேர்ல போய் நிக்கணும்கிறதுதான் அப்போ ஒரே கேள்வி. புத்தகத்துல அந்த 6 மீட்டர் முதல் நாள்லேருந்து இருக்கு, எனக்குத்தான் கண்ணு தெரியல.

இன்னொரு தப்பும் பண்ணியிருந்தேன். எல்லாத்தையும் ஒரே அடியா அணைச்சிட்டேன். நிஜத்துல அப்படி நடக்காது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையில அடிச்சப்போ நான் சின்னப் பையன். பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு, கையில ரொக்கம் இல்லை, கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. ஆனா தெருமுனை அண்ணாச்சி கடையில அம்மாவுக்கு அரிசி கிடைச்சுது. பழைய டைரியில எழுதிக்கிட்டார். எதிர் வீட்டுக்குப் புதுசா குடிவந்தவங்களுக்குக் கொடுக்கல. முகம் தெரியாதாம். இதை அப்படியே தூக்கி நைட் சிட்டி நூடுல்ஸ் கடையில வெச்சேன். டாக்டரம்மாவுக்குக் கடன் கிடைக்குது, அடியாளுக்குக் கிடைக்கல. வெடிகுண்டு வெச்ச காட்சிகளைவிட இதுக்குத்தான் மேஜையில சண்டை அதிகம்.

அடுத்த சனிக்கிழமை பல்லி ரூமுக்கே போனேன். மன்னிப்பு எல்லாம் கேட்டு நமக்குப் பழக்கம் இல்லையே. "மச்சி, வைரஸை நான் மாத்திட்டேன். நகரத்துக்கு நடுவுல ஒரு பெட்டி இருக்கு, உன்னைத் தவிர யாராலயும் தொட முடியாது. ஆனா அங்க நீ நடந்து போகணும்"னேன். ரொம்ப நேரம் மொபைலையே பார்த்துட்டிருந்தான். அப்புறம், "எத்தனை மாடி?"ன்னான்.

இருபத்தி ரெண்டு மாடி. லிஃப்ட் கிடையாது. நாலு பேரும் படியேறினாங்க, மூணு ஆட்டம் ஆச்சு. அடியாள் முன்னால, தையல் பிரிஞ்ச வயிறோட. கடைசியில பெட்டிக்குப் பக்கத்துல பல்லி பகடையை உருட்டி, 10 விழுந்து, இன்னொரு தடவை உருட்டி 8 போட்டப்போ பக்கத்து ரூம்காரங்க வந்து கதவைத் தட்டினாங்க.

உள்ளே போய்ப் பார்த்தவன், ஆன் பண்ணாம நிறுத்திட்டான். "இதை ஆன் பண்ணினா எல்லாரோட கடன் கணக்கும் திரும்ப வந்துடுமில்ல?"ன்னு கேட்டான். நான் அதை யோசிச்சே பார்க்கல. ஆமான்னு சொன்னேன். டாக்டரம்மா, ஆஸ்பத்திரியில ஆளுங்க செத்துட்டிருக்காங்கடா, ஆன் பண்ணுன்னு கத்தினா. வண்டிக்காரன் வேண்டாம்னான். ராத்திரி ஒன்றரை வரைக்கும் பேசினாங்க. வகுப்புல வாயே திறக்காதவன்தான் அதிகம் பேசினான்.

கடைசி வரைக்கும் முடிவு சொல்லல. வர்ற சனிக்கிழமை சொல்றேன்னிருக்கான். ரெக்கார்டு வேற இருக்காம், இந்தத் தடவை நிஜமாவே.