விட்டுச் சென்ற குடம்

இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுக் கிணற்றில் ஊறியது உவர்நீர். குடிநீருக்கு ஒரு கல் தொலைவிலிருந்த ஊருணிக்குத்தான் செல்ல வேண்டும். கோடையில் அதுவும் வற்றிவிடும். அப்போது அதன் நடுவே ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் சிறுகச் சிறுக மொண்டு குடத்தை நிரப்புவார் என் தாய்.

தவக்கால ஞாயிறு ஒன்றில் சமாரியப் பெண்ணைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பட்டது. திருப்பலி முடிந்து திரும்புகையில் அம்மா கேட்டார்: "கவனிச்சியாப்பா? அந்தப் பொம்பள குடத்தை அங்கேயே விட்டுட்டு ஊருக்குள்ள ஓடிட்டாளாம். உச்சி வெயில்ல தண்ணிக்கு வந்தவ குடத்தை விடுவாளா?"

சிறுவனாகிய எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

ஆண்டுகள் உருண்டன. தந்தை மறைந்த பின், கண்மாய்க்குக் கீழிருந்த ஓர் ஏக்கர் நன்செய்க்காக அண்ணனுக்கும் எனக்கும் வழக்கு மூண்டது. ஆவணங்கள் என் பக்கம் இருந்தன. ஆனால், அந்த மண்ணில் உழுதுதான் அண்ணன் என்னைப் படிக்க வைத்தார் என்பதை எந்த ஆவணமும் சொல்லவில்லை. வழக்கு ஒன்பது ஆண்டுகள் நீண்டது. இடையில் அம்மா கண்மூடினார். அவர் உடலுக்கு இருபுறமும் நின்ற நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

இறுதியில் தீர்ப்பு எனக்குச் சாதகமாயிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒன்பது ஆண்டுகள் மொண்டு மொண்டு நிரப்பிய குடத்தில் இருந்தது உவர்நீர்தான் என்பதை உணர்ந்தேன்.

அடுத்து வந்த தவக்காலத்தில் அதே நற்செய்தியை மீண்டும் கேட்டேன். யோவான் நற்செய்தியின் 4-ஆம் அதிகாரம். யாக்கோபின் கிணறு இன்றும் நாப்லுஸ் நகரருகே ஓர் ஆலயத்தினுள் இருக்கிறது. அந்த ஆழ்கிணற்றண்டை ஆண்டவர் களைத்து அமர்ந்து நீர் கேட்டார். ஆயினும் அவர் நீர் அருந்தியதாகவோ, அந்தப் பெண் நீர் மொண்டதாகவோ நற்செய்தியாளர் எழுதவில்லை. குடம் கிணற்றடியில் கிடந்தது. அவளோ நிறைவோடு ஊருக்குள் ஓடினாள். தன் வாழ்வு முழுவதையும் அறிந்த பின்னும் தன்னை வெறுக்காத ஒருவரை அவள் கண்டுகொண்டாள். அதன் பிறகு அவளுக்குக் குடம் நினைவில் இல்லை. அம்மாவின் கேள்விக்கு அன்று எனக்கு விடை கிடைத்தது.

அந்த வாரமே ஓரியூர் சென்று செம்மணலில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். லிஸ்பனில் 1647-இல் பிறந்து அரசவையில் வளர்ந்தவர் புனித அருளானந்தர். ஒருமுறை தாயகம் சென்றபோது அங்கேயே தங்கிவிடும்படி மன்னர் விரும்பினார். அவரோ மறவர் நாட்டுக்கே மீண்டும் வந்து, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் அந்த மண்ணில் தலை வெட்டுண்டு மாண்டார். அவர் அரண்மனையையே விட்டு வந்தார். எனக்கோ ஓர் ஏக்கரை விட மனம் வரவில்லை.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குச் சென்றேன். "அண்ணே, நிலத்துல பாதி உங்களுக்கு. நாளைக்கே எழுதிடுவோம்" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. நெடுநேரம் தரையையே பார்த்திருந்துவிட்டு, "சாப்பிட்டுப் போ" என்றார். மதினி செம்பில் நீர் கொணர்ந்து வைத்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வீட்டில் நான் பருகிய நீர் அது.

அன்புக்குரியவர்களே, அன்றோடு என் தாகங்களெல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். பொறாமையும் மனத்தாங்கலும் இன்றும் எட்டிப் பார்க்கின்றன. என்றுமே தாகம் எடுக்காத நீரைத் தருவதாகச் சொன்ன அதே இயேசு, சிலுவையில் தாகமாயிருப்பதாகக் கூறினார் என்று அதே யோவான்தான் 19-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஆகவே நிறைவு என்பது குறையேதும் இல்லாத நிலையன்று. பிறருக்காகத் தாகங்கொண்ட அவரோடு ஒன்றித்திருப்பதே நிறைவு. எந்த ஊற்றுக்குத் திரும்ப வேண்டும் என்பதை இப்போது அறிவேன், நாள்தோறும் திரும்புகிறேன்.

உங்கள் இடுப்பிலும் ஏதேனும் ஒரு குடம் கனக்கிறதா? சற்றே இறக்கி வைத்துப் பாருங்கள். கிணற்றடியில் ஆண்டவர் காத்திருக்கிறார்.